ஓட்டைக் காலணாவைத் திருத்தியவர்

அவரைப் பற்றி எங்கள் தெரு டீக்கடைக்காரர் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். "அந்தாளு சாமி கும்பிடும்போது கூட கண்ண மூட மாட்டாருப்பா. மூடினா கோணல் எப்டித் தெரியும்?"

டீக்கடைக்காரர் அளந்து பேசுகிறவர் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் மயிரிழை கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நான் படங்களுக்கு ஃப்ரேம் போடுகிற கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம் என்று மூன்று வகைதான் வியாபாரம். அவர் முதல் தடவை உள்ளே வந்தபோது என்ன வேண்டும் என்று சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த காமாட்சி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பேனா எடுப்பதுபோலச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ரசமட்டத்தை எடுத்தார். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, நடுவில் குமிழி ஓடுமே, அது. படத்தின் மேல்கட்டையில் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. அவர் முகம் விழுந்துவிட்டது. ரசமட்டத்தை எடுத்துச் சுவரில் வைத்தார். குமிழி ஓடியது. முகத்தில் உயிர் வந்தது.

"படம் நேராத்தான் இருக்குதுப்பா. செவுரு சாயுது. அதனால பாக்கறவனுக்குப் படம் கோணலாத் தெரியும். ரெண்டு மார்க்கு போச்சு."

"எதுக்கு சார் மார்க்கு?"

"எதுக்குத்தான் இல்லை?"

அவர் ஒரு பட்டு சொசைட்டியில் சேலை பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நெசவாளி நெய்து முடித்த சேலையைக் கொண்டுவந்து மேஜையில் விரிப்பார். இவர் முந்தானையில் தொடங்கி விரலை ஓட்டிக்கொண்டே போய், எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே கரை இறுகியிருக்கிறது என்று பார்த்துச் சாக்பீசால் வட்டம் போடுவார். வட்டத்துக்குத் தக்கபடி கூலி குறையும். பழுது இல்லாத சேலையை அவர் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பார்த்ததாக ஒப்புக்கொண்டதில்லை. சேலை பழுதில்லாமல் இருந்தால் மடித்த விதத்தில் பழுது சொல்வாராம்.

ஓய்வு பெற்றால் இந்த மாதிரி விரல் சும்மா இருக்குமா? காசு சேகரிப்பவர்கள் பக்கம் திரும்பிற்று.

எங்கள் ஊரில் காசு சேகரிக்கிறவர்களின் சங்கம் ஒன்று உண்டு. மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கல்யாண மண்டபத்தில் காட்சி வைப்பார்கள். அதில் ஒரு பக்கம் விற்கிறவர்களின் மேஜைகள், இன்னொரு பக்கம் போட்டி. போட்டி என்றால், ஆளுக்கொரு ஃப்ரேமில் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு காசுகளை அடுக்கி, கீழே அட்டையில் விவரம் எழுதி வைக்க வேண்டும். நடுவர்கள் வந்து காசின் நிலைமைக்கு இவ்வளவு, அபூர்வத்துக்கு இவ்வளவு, விவரத்துக்கு இவ்வளவு, சுத்தத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவார்கள். அந்த ஃப்ரேம்களைச் செய்து, அட்டைகளை அச்சடித்துக் கொடுப்பது நான். அட்டை அடித்து அடித்துத்தான் எனக்கும் நாலு காசு பற்றித் தெரியும்.

அவருக்குச் சொந்தமாக ஒரு காசு கிடையாது. மற்றவர்களின் ஃப்ரேம்களைத் திருத்திக் கொடுப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு.

திருத்தினால் மார்க் கூடும், அதை மறுக்க முடியாது. கறுப்பு வெல்வெட்டில் செப்புக்காசு செத்துப் போகும், சாம்பல் நிறத் துணியில் எழுந்து நிற்கும் என்று அவர் சொன்னது உண்மைதான். இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன். மார்க் கூடின பிறகு ஃப்ரேமில் என்ன மிச்சம் இருந்தது என்பதுதான் வேறு கதை.

மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர், பல நாட்டுக் காசுகளில் மீன் போட்டதாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, 'மீன் நீந்தும் காசுகள்' என்று ஃப்ரேம் வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த ஃப்ரேமைவிட்டு நகரவில்லை. அடுத்த வருஷம் இவர் அதைத் திருத்திக் கொடுத்தார். தலைப்பு 'உலக நாணயவியலில் நீர்வாழ் உயிரின உருவகங்கள்: ஓர் ஒப்பாய்வு' என்று ஆயிற்று. மார்க் கூடிற்று. பரிசு வாங்க மேடைக்குப் போன மருந்துக்கடைக்காரரிடம் உங்கள் தலைப்பைச் சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள். மனிதர் திணறினார். "மீனுங்க" என்றார்.

கீழே இறங்கி வந்து என்னிடம் சொன்னார். "புள்ளைக்கு நாமதான் பேரு வெச்சோம். இப்ப ஸ்கூல்ல வேற பேர்ல கூப்புடறானுங்க, எனக்கே திரும்பிப் பாக்கத் தோணல."

பிள்ளைகள் ஒருவரும் அந்த வருஷம் அங்கே நிற்கவில்லை. திருத்திக் கொடுத்தவரிடம் அதைச் சொன்னபோது அவர் சொன்ன பதில், "புள்ளைங்களா மார்க் போடுது?"

கருட சேவை அன்று அவர் பக்கத்தில் நிற்கிற பாக்கியமும் எனக்குக் கிடைத்தது. தெரு முழுக்கத் தலை. கருடன் மேல் பெருமாள் வருகிறார், எனக்கு முன்னால் நின்ற அம்மாள் அழுதுகொண்டே கும்பிடுகிறாள். இவர் என் காதருகில் வந்து, "குடை ரெண்டும் ஒரே உசரத்துல இல்ல, பாத்தியா?" என்றார். எனக்கும் பார்வை குடைக்குப் போய்விட்டது. பெருமாள் தாண்டிப் போன பிறகுதான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்று உறைத்தது. அந்த வருஷத்துச் சேவை எனக்குக் குடைச் சேவைதான்.

ஒரே ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன், அட்டைகளைக் காட்டிச் சரிபார்க்க. பீரோவைத் திறந்து காட்டினார். வருஷ வாரியாகக் கோப்புகள். எல்லாம் மற்றவர்களின் மார்க் தாள்கள். நடுவர்களிடம் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார். யாருக்கு எங்கே எத்தனை போயிற்று என்று சிவப்பு மையில் குறிப்பு.

"நீங்க ஏன் சார் ஒரு காசு கூட சேக்கல?"

"வெச்சிருந்தா அது மேல ஆசை வந்துடும்பா. ஆசை வந்துட்டா பழுது கண்ணுக்குத் தெரியாது."

ஒரு நிமிஷம் எனக்கு அது பெரிய வார்த்தையாகத்தான் பட்டது. வீடு திரும்பி யோசித்தால், ஒரு மனிதன் ஆசைப்படாமல் இருக்க இவ்வளவு முன்னெச்சரிக்கையா என்று அருவருப்பாக இருந்தது. அன்றைக்கு நான் அங்கே இருந்தபோதே அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எனக்கு எத்தினி போட்டிருக்காருன்னு கேளுப்பா. முப்பத்தஞ்சு வருசமா ரிசல்ட்டு வரல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இவர் சிரிக்கவில்லை. டம்ளரைச் சற்று நகர்த்தி டபராவின் நடுவில் வைத்தார்.

இப்போது அவர் மகனோடு பெங்களூரில் இருக்கிறார் என்று கேள்வி. அந்த அபார்ட்மெண்டில் லிஃப்ட் சரியாகத் தரையோடு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஊரைவிட்டுப் போவதற்கு முந்தின வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

பர்வீன் என்று ஒரு பெண். தறிச் சாமான் கடை வைத்திருக்கிறாள். நாடா, அச்சு, கயிறு, எடைக் குச்சி, எல்லாம் அவளிடம்தான். அவளுடைய அத்தா நடத்திய கடை, இப்போது அவள் பார்க்கிறாள். என்னை அண்ணா என்பாள்.

தறியில் கரைக்கும் முந்தானைக்கும் பூ விழுவதற்காக மேலிருந்து கயிறுகள் இறங்கும். அவை விறைப்பாக நிற்க அடியில் எடை கட்ட வேண்டும். இப்போது இரும்புக் குச்சி. வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தில் இரும்பு கிடைக்காதபோது சில வீடுகளில் ஓட்டைக் காலணாவைக் கோத்துக் கட்டிவிட்டார்கள். நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு அந்த நாளில் அடித்த காசு. கட்டினது கட்டினதாகவே இருந்துவிட்டது. கயிறு ஏறி இறங்க, ஏறி இறங்க, ஓட்டையின் ஓரத்தை நூல் தின்றுகொண்டே வந்தது. செம்பை நூல் தின்றது என்றால் எத்தனை சேலை நெய்திருக்க வேண்டும், நினைத்துப் பாருங்கள்.

குச்சி மாற்ற வந்தவர்கள் கொண்டுவந்ததைப் பார்த்துத்தான் பர்வீனுக்கு இது பிடிபட்டது. வீடு வீடாகப் போய்க் கேட்டாள். இருபத்தொரு வீட்டில் ஆளுக்கொரு காசு கொடுத்தார்கள். சும்மா இல்லை, இரவலாக. தறியில் தொங்கினது லட்சுமி, திரும்பி வந்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு காசுக்கும் கீழே அந்த வீட்டின் பெயரைப் போட்டு என்னிடம் அட்டை அடித்தாள். 'தறியில் உழைத்த காசுகள்' என்று தலைப்பு.

அதில் எனக்குப் பிடித்தது கடைசி அட்டை. 'பிள்ளையார்பாளையம், கன்னியப்பன் வீடு. இவருடைய அப்பா கட்டியது. நூல் ஓரம் வரைக்கும் அறுத்து, ஒருநாள் தானாகத் தறிக்குழியில் விழுந்தது.' அந்தக் காசு முழு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் வாய் திறந்து, அறுந்த வளையல் மாதிரி இருந்தது. கன்னியப்பன் அதைச் சாமி மாடத்தில் வைத்திருந்தாராம். மற்ற இருபது வீட்டுக் காசிலும் நூல் பாதி வழியில் நின்றிருந்தது. இவர் வீட்டில் வேலையை முடித்துவிட்டது.

சென்னையில் பெரிய காட்சி ஒன்றுக்கு எங்கள் ஊர்ச் சங்கம் ஒரே ஒரு ஃப்ரேம் அனுப்பலாம். பர்வீனுடையது தேர்வாயிற்று. சரிபார்த்து அனுப்புகிற பொறுப்பை இவரிடம் கொடுத்தார்கள்.

என் கடையில்தான் அவர் அதை முதலில் பார்த்தார். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"தலைப்பு நல்லா இருக்குதும்மா. காசுதான் சரியில்ல."

பர்வீன் கேலி என்று நினைத்துச் சிரித்தாள். அவர் கேலி பேசி யாரும் கேட்டதில்லை.

"அப்பறம் இந்தப் பேரெல்லாம் எடுக்கணும். ஃப்ரேம்ல பேர் தெரியக் கூடாதுன்னு ரூலு."

"அது வெக்கறவங்க பேரு சார்" என்றேன் நான். "நடுவருக்கு ஆளு தெரியக் கூடாதுன்னு. இது நெய்யறவங்க பேரு."

"பேருன்னா பேருதான்பா. எதுக்கு வம்பு."

பர்வீன் அட்டைகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள். "சரி சார், அட்டையக் கூட மாத்திக்கோங்க. காசுங்கள மட்டும் எடம் மாத்தாதீங்க. எது எந்த வூட்டுதுன்னு வரிசைய வெச்சுத்தான் நோட்ல எழுதியிருக்கேன். கலைஞ்சிதுன்னா எனக்கே தெரியாது. என்னை நம்பிக் குடுத்திருக்காங்க."

"நான் சேலை பாத்தவன்மா. என் கையில ஒரு இழை மாறாது."

பெயர் எடுத்த புது அட்டைகளை அடித்தது என்னுடைய பிரிண்டர்தான். மாதிரி ஒன்று, மாதிரி இரண்டு என்று இருபத்தொன்று வரைக்கும். அடிக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. அவர் என் கடைக்குக் கொண்டுவருகிற வேலையும் இருந்தது. வாய் மூடிக்கொண்டது.

சென்னைக் காட்சியன்று பர்வீன் வரவில்லை. வந்தவாசியில் அண்ணன் மகளுக்கு நிக்காஹ். ஃப்ரேமை மாட்ட நான் அவரோடு போனேன். காலையில் கூட்டம் வருமுன் அவர் விற்பனை மேஜைகள் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். கையில் ஒரு கவர். ஃப்ரேமைத் திறக்கச் சொன்னார். நான் திறந்தேன். வரிசையாக இருந்த இருபத்தொரு காசையும் பல்லி முட்டையைத் தட்டுகிற மாதிரித் தட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். கவரிலிருந்து புதுக் காசுகளை எடுத்தார். அதே ஓட்டைக் காலணாதான். ஆனால் அச்சுக்கூடத்தைவிட்டு நேற்று இறங்கினதுபோல மினுங்குகிறது. ஒரு கை படாதது, ஒரு கீறல் இல்லாதது.

"சார், என்னா பண்றீங்க?"

"நிலைமைக்குத்தான் மார்க் ஜாஸ்தி. அந்தத் தேஞ்ச காசை வெச்சா சுழிதான்."

"தலைப்பு தறியில் உழைத்த காசுன்னு இல்ல இருக்குது?"

"தலைப்பு இருக்கட்டும்பா. தலைப்புக்கு என்ன கேடு?"

நான் ஃப்ரேமின் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ நியாயவான் மாதிரி ஆகிவிடும். அவர் கேட்டபோது கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். துடைத்துக் கொடுத்தேன்.

நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு தலைப்பைப் படித்தார், காசைப் பார்த்தார், திரும்பத் தலைப்பைப் படித்தார்.

"இதுல எது தறியில இருந்துச்சு?"

இவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "அது தீம் சார்."

நடுவர் தலையாட்டினார். தலையாட்டி, எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் அன்றைக்கு அவரை வெறுத்ததில் பாதி அந்தத் தலையாட்டலுக்குச் சேர வேண்டியது. இரண்டாம் பரிசு கிடைத்தது. சிவப்பு நாடாவில் வளையம் போட்ட மெடல்.

இரண்டு நாள் கழித்து அவர் பர்வீனின் கடைக்கு வந்து மெடல் பெட்டியை மேஜையில் வைத்தார். நானும் இருந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பிளாஸ்டிக் பையை வைத்தார்.

பர்வீன் மெடலைப் பார்க்கவில்லை. பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே காசுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன.

"சார், வரிசை?"

"எல்லாம் காலணாதானேம்மா. இருபத்தொண்ணு இருக்குது, எண்ணிக்கோ."

அவள் எண்ணவில்லை. அவரையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன், எனக்கும் சேர்த்து. "அமாவாசை அன்னிக்குக் காலையில நீங்க இங்க வந்து உக்காரணும் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்குத்தான் நெசவாளிகளுக்குக் கால் ஒழியும். இருபத்தொரு வீட்டுக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். அவரும் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பாராட்டுக் கூட்டம் என்று நினைத்திருக்க வேண்டும். நாற்காலியைச் சுவருக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பர்வீன் ஒரு பலகையில் காசுகளைக் கொட்டினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "கலைஞ்சி போச்சு. தப்பு என்னுது. உங்க உங்க காசு உங்களுக்குத் தெரிஞ்சா எடுத்துக்கோங்க. தெரியலன்னா நான் என்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல."

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு நாற்காலியைப் பார்த்தார்கள். சரோஜா என்று ஒரு அம்மாள், புருஷனும் மகனும் ஒரு தறி, தான் ஒரு தறி என்று நெய்கிறவள், முதலில் வந்து குந்தினாள். கண்ணால் பார்க்கவில்லை. காசின் ஓட்டைக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். நாலாவது காசில் நிறுத்தினாள்.

"இதான் எங்குளுது. ரெண்டு பள்ளம் இருக்கும். எங்க மாமனாரு நடுவுல ஒரு தபா திருப்பிக் கட்டுனாரு."

அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் கை நீட்டினார்கள். ஒருவருடையது ஆழம், ஒருவருடையது அகலம், ஒருவருடையதில் பள்ளம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும், தறி நின்ற தரை சரிவு என்பதால். ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்ல, பர்வீன் நோட்டில் அடித்துக்கொண்டே வந்தாள்.

"சார், எங்க சேலைய மூணு தபா வட்டம் போட்டுத் திருப்பினீங்களே" என்றார் ஒருவர், காசை இடுப்பில் செருகிக்கொண்டே. "கத்துக்கோங்க. இப்டித்தான் பாக்கறது."

"அவருக்கு நகம் இல்லப்பா, சாக்பீசுதான்" என்றாள் சரோஜா.

சிரித்தார்கள். அவரும் லேசாகத் தலையசைத்தார், யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல.

கன்னியப்பன் கடைசி வரைக்கும் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். "என்னுதுக்கு இன்னா அவசரம். அது தனியாத் தெரியும்" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். பலகை காலியாகிக்கொண்டே வந்தது. ஐந்து, மூன்று, இரண்டு. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அறுந்த காசு கண்ணில் படவே இல்லை. கடைசியில் ஒரு காசு கிடந்தது. முழு வட்டம்.

சரோஜா அதை எடுத்து நகத்தை விட்டாள்.

"பள்ளம் இருக்குது" என்றாள். இன்னொரு தடவை சுற்றினாள். "ஆனா நகம் மாட்டுது. நூலு அறுத்தா நகம் வழுக்கிக்கினு போவும். இது நூலு இல்ல. அரம்."

பர்வீன் நாற்காலி பக்கம் திரும்பினாள். "இவரு காசு எங்க சார்?"

அவர் எழுந்துகூட நிற்கவில்லை. குரலில் ஒரு ஒளிவும் இல்லை. "அது உடைஞ்சிருந்துதும்மா. உடைஞ்ச சாமான ஒருத்தர்கிட்ட திருப்பிக் குடுக்கறது மரியாதை இல்ல. அதான் நல்லதா ஒண்ணு வாங்கி, மத்ததோட சேர்ற மாதிரி லேசா அரம் போட்டு வெச்சேன்."

"அந்தக் காசு எங்க?"

"சென்னையில தங்கின லாட்ஜ் ரூம்ல குப்பைக்கூடையில போட்டேன்."

எனக்குத் தெரியாது. சத்தியமாக இது எனக்குத் தெரியாது. திருட்டு என்றால் போலீசுக்காவது சொல்லலாம். இவர் திருடவில்லை. நல்லது செய்திருக்கிறார். ஒரு வீட்டின் இரண்டு தலைமுறை உழைப்பு குப்பையில் கிடக்க, அந்த இடத்தில் தன் கையால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அரம் தேய்த்திருக்கிறார், மற்றதோடு சேர வேண்டும் என்று.

கன்னியப்பன் பலகைக்கு அருகில் வந்தார். கோபமாக வரவில்லை. "சார், ஒண்ணு கேக்கறேன். என் காச அப்டியே வெச்சிருந்தா எத்தினி மார்க்கு போட்டிருப்பாங்க?"

வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்திருப்பார்கள். இவர் யோசித்தார். விரல் மடக்கினார். "நிலைமைக்குப் பத்துல ஒண்ணு கூட வராது. அபூர்வத்துக்கும் கிடையாது, சாதாரணக் காசுதான். விவரத்துக்கு வேணா மூணு. அதுவும் அந்தப் பேரை எடுத்தாத்தான்."

"மூணு" என்றார் கன்னியப்பன். சரோஜாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா, மூணாம்."

பர்வீன் மேஜைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். கண் நிறைந்திருந்தது. "பெரியவரே, உங்க கையில வாங்கும்போது நான் குடுத்த வாக்கு போச்சு. என்கிட்ட இப்ப இதான் இருக்குது. உங்க காசால கிடைச்சது. எடுத்துக்கணும்." மெடல் பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

கன்னியப்பன் மெடலை எடுத்தார். நாடாவைத் தள்ளிவிட்டு, வளையத்தில் ஆள்காட்டி விரலை மாட்டித் தொங்கவிட்டார். விரலை மேலே தூக்கினார், இறக்கினார், தூக்கினார். தறி ஓடுகிற வேகத்தில் நாலு தடவை. மெடல் இறங்கும்போது தள்ளாடியது.

"லேசா இருக்குதும்மா. கயிறு நிக்காது."

அதைப் பலகையில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டார். "கயிறுன்ன உடனே ஞாபகம் வருது. ஒரு கட்டுக் குடு. போன தபா குடுத்தியே, அதே கயிறு."

பர்வீன் உள்ளே போய் எடுத்து வந்தாள். அவர் இழையைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து பலகை அருகில் வந்தார். மெடலை எடுத்தார். வாயால் ஊதி, கைக்குட்டையின் நுனியால் கன்னியப்பனின் விரல் ரேகையைத் துடைத்தார். பெட்டியில் வைத்து, நாடாவின் இரண்டு நுனியும் சமமாக வரும் வரைக்கும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.